ஏழாவது விதவை

– அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துடுங்க ஐமோஜீன் அக்கா. வேற ஒண்ணும் கேக்கல.

– மொதல்ல உக்காரு கோரின். மத்தியானத்துல தையக்கடையைப் பூட்டிட்டு வந்திருக்கே, நின்னுக்கிட்டே பேசிட்டுப் போறதுக்கா? எந்தப் படம்? இந்த கார்னிவலுக்கு முந்நூறு படம் போட்டிருக்கேன். ராஜா ராணி ஊர்வலம், தேர் மேல இருந்து பாசிமணி வீசுறது, வீசுன மூன் பை கேக்கைப் புடிக்கப் போயி பாதிரியார் வழுக்கி விழுந்தது, அண்டாவுல நண்டு வேகுறது...

– ஞாயித்துக்கிழமைப் படம். கல்லறைத் தோட்டத்துல எடுத்தது.

– ஓ, விதவைங்க படமா. அதை ஏன் கண்ணு எடுக்கணும்? பன்னெண்டு வருஷமா வலைப்பூ எழுதுறேன், ஒரு படத்தைப் பாக்க இத்தனை பேர் வந்ததே இல்ல. டெக்சாஸ்ல இருந்து ஒருத்தி எழுதியிருக்கா, எங்க ஊர்ல நெசச் சாவுக்கே இப்படி அழ ஆள் இல்லையேன்னு.

– அது விதவை வேஷம் கட்டுற சங்கத்து விதிக்கா. முக்காட்டுக்குள்ள யாருன்னு வெளிய தெரியக் கூடாது.

– முக்காடு முகத்துலதானே கெடக்கு. நான் என்ன தூக்கியா பாத்தேன்? தாடை மட்டும் தெரியுது, அதுல தண்ணி சொட்டுது. அவ்வளவுதான்.

– கையும் தெரியுது.

– கைன்னா எல்லாருக்கும் ரெண்டு இருக்கு. நீ எதுக்கு இப்படிப் பதறுறே? நீ அந்தச் சங்கத்துல இருக்கியா என்ன?

– நான் தைக்கிறவக்கா. ஏழு கறுப்பு கவுனும் என் மெஷின்ல தைச்சது. அந்த ஏழாவது பொண்ணு எங்கிட்ட வந்து அழுதுட்டுப் போச்சு. அதான் அவளுக்காக வந்தேன்.

– அவளே வந்து கேக்கலாமே.

– வந்தா யாருன்னு தெரிஞ்சுருமேக்கா.

– அதுவும் சரிதான். நான் அவளைப் பத்தி எழுதினதைப் படிச்சியா? கேப்டன் பிராட்னாக்ஸ் செத்து நூத்தி முப்பது வருஷமாச்சு. வருஷா வருஷம் ஏழு பொம்பளைங்க கறுப்பு உடுத்திக்கிட்டு, 'எம்மேலதான் அவருக்கு ஆசை'ன்னு அவர் கல்லறையில முட்டி மோதி ஒப்பாரி வைக்கிற கூத்து. ஊரே வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். இந்த வருஷமும் ஆறு பேரு கைக்குட்டையை வீசி வீசி ஊளையிட்டாங்க. ஏழாவது ஆளு மட்டும் சத்தமே போடல. தோளு மட்டும் குலுங்குது. பாத்தவன் பூரா கை தட்டினான். இப்படி ஒரு நடிப்பை இந்த ஊர் பாத்ததில்லன்னு எழுதினேன். தப்பா?

– படிச்சேங்க்கா.

– கார்னிவல் கமிட்டியில இருந்து கேட்டுட்டாங்க. அடுத்த வருஷ போஸ்டருக்கு அந்தப் படம்தான் வேணுமாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணுமாம்.

– போஸ்டரா? அலபாமா கரை முழுக்க ஒட்டுவாங்களே.

– ஒட்டுவாங்க. பால் கடை, பெட்ரோல் பங்கு, சர்ச் வாசல்னு பாக்கி இருக்காது.

– அப்போ அவ கதை முடிஞ்சுதுக்கா. இந்த ஊர்ல கையைப் பாத்தே ஆளைச் சொல்லுவாங்க. அப்புறம் அவகிட்ட ஒரு பித்தான் தைக்கக்கூட யாரும் வர மாட்டாங்க.

– பித்தானா? அவளும் உன்னை மாதிரித் தைக்கிறவளா?

– ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

– சரி, சரி. காப்பி குடி. சிக்கரி கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன், தவக்காலத்துக்குக் கசப்புதானே பொருத்தம். அலமாரி மேல என்ன பாக்குறே? வந்ததுல இருந்து மூணு தடவை பாத்துட்டே.

– ஒண்ணும் இல்லக்கா.

– அந்த நீல எனாமல் பாத்திரமா? அது என் வீட்டுக்காரர் ரேஃபர்ட் நவம்பர்ல போனப்ப வந்தது. சாவு வீட்டுக்கு நாப்பத்தோரு பாத்திரத்துல சாப்பாடு வந்துச்சு. நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா, அடியில டேப் ஒட்டிப் பேரு எழுதித்தானே குடுப்பாங்க, கழுவித் திருப்பிக் குடுக்கணுமே. நாப்பதைக் குடுத்துட்டேன். இது ஒண்ணுல மட்டும் பேரு இல்ல. பின்வாசல்ல யாரோ வச்சுட்டுப் போயிருக்காங்க. வலைப்பூவுல படம் போட்டுக் கேட்டேன். மூணு மாசமா ஒருத்தியும் என்னுதுன்னு வரல.

– டேப்பு தண்ணியில உரிஞ்சு போயிருக்கும்.

– அப்படித்தான் நானும் நெனைச்சேன். மூடியைத் தொறந்தா கம்போ குழம்பு. எறா, நண்டு, கறுக்க வறுத்த மாவு, எல்லாம் கச்சிதம். அடுப்படியில நின்னு ஒரு கரண்டி வாயில வச்சேன். வெண்டைக்காய் இல்ல. நீயே சொல்லு கோரின், வெண்டைக்காய் போடாத கம்போவை இந்தக் கரையில எவ வைப்பா?

– மறந்திருப்பாங்க.

– உப்பை மறக்கலாம். கம்போவுல வெண்டைக்காயை மறப்பாளா ஒருத்தி? அது மறதி இல்ல கண்ணு. யாருக்கோ புடிக்காதுன்னு போடாமப் போடாமக் கை பழகிப்போன சமையல். ஆனா ரேஃபர்ட் சாவுக்கு வர்ற கம்போ அப்படி இருக்கக் கூடாது. அவர் என் வெண்டைக்காய் கம்போவை ரெண்டு கிண்ணம் சாப்பிடுற மனுஷன். ஊருக்கே தெரியும். எத்தனை பதிவு எழுதியிருக்கேன்.

– அவருக்கு அந்தக் கொழகொழப்பு ஆகாதுக்கா.

– ம்.

– இல்ல, ஊர்ல யாரோ சொல்லி...

– விடு கோரின். வாய் தவறினது தவறினதுதான். முப்பத்தொரு வருஷம் வாரா வாரம் வச்சுப் போட்டேன். ஒரு நாள்கூட எங்கிட்டச் சொல்லல. ரெண்டு கிண்ணமும் எங்க போச்சு?

– நீங்க படம் எடுத்து, உள்ள போயி எழுதிட்டு வர்றதுக்குள்ள நாய்க்குப் போட்டுருவாராம்.

– அதான் அந்த நாய் கன்னுக்குட்டி கணக்கா கொழுத்துச்சு. நாய் வைத்தியர் என்னைத் திட்டுவாரு. எத்தனை வருஷம்?

– நாயா?

– நீ.

– ஒம்பது. கார்னிவல் ராஜா அங்கிக்கு அளவெடுக்கத் தேர் கொட்டகைக்குப் போனேன். அவர் தேர் இழுக்குற டிராக்டருக்கு அடியில படுத்து எதையோ முடுக்கிட்டு இருந்தாரு. மதியச் சாப்பாடு அப்படியே இருந்துச்சு. ஏன் சாப்பிடலன்னு கேட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

– அவ்வளவுதானா?

– மொத நாள் அவ்வளவுதான்.

– நான் அதைக் கேக்கவே இல்ல பாரு. ஏன் சாப்பிடலன்னு.

– நீங்க எப்பக்கா கண்டுபுடிச்சீங்க?

– கம்போவுல சந்தேகம். படத்துலதான் உறுதி. அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன், நானும்தான் கை தட்டினேன். வீட்டுக்கு வந்து திரையில பெருசாக்கிப் பாத்தேன். ஆறு பேரு கேப்டன் கல்லைக் கட்டிப்புடிச்சுக் கெடக்காங்க. ஏழாவது ஆளு கேப்டனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, இன்னும் கல்லு நடாத பக்கத்து மண்ணுல மண்டி போட்டிருக்கா. இடம் கெடைக்காமத் தள்ளி உக்காந்துட்டான்னு எல்லாரும் நெனைச்சாங்க. அந்த மண்ணுக்குக் கீழ யார் இருக்கான்னு எனக்குத் தெரியாதா? அவ கையுறையைக் கழட்டி மண்ணுல கை வச்சிருந்தா. நடுவிரல்ல, ஊசி குத்தாம இருக்க அங்குஸ்தான் போட்டுப் போட்டு ஏறின காய்ப்பு.

– எனக்கு அழ வேற எடம் இல்லக்கா. சாவுக்கு வந்து முன்வாசல்ல நிக்க முடியல. ஊரே சிரிக்கிற எடத்துல அழுதா யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சேன்.

– தெரியலியே. நடிப்புன்னுதானே நெனைச்சாங்க.

– உங்களுக்குத் தெரிஞ்சுதே. தெரிஞ்சுமா போட்டீங்க?

– தெரிஞ்சுதான் போட்டேன்.

– அப்போ இது பழி.

– நானும் மொதல்ல அப்படித்தான் நெனைச்சேன்.

– வேற என்ன? உங்க வாசகருங்களுக்குத் தீனி போடணும், நான் கெடைச்சேன். நீங்க என்னைச் சொல்ல வேணாம்க்கா. அவர் சாவன்னிக்கு நீங்க செஞ்சதும் ஊருக்குத் தெரியும். பெட்டி கூடத்துல இருக்கு, நீங்க நாற்காலி மேல ஏறி நின்னு சாப்பாட்டு மேசையைப் படம் எடுத்துட்டு இருந்தீங்களாம்.

– எடுத்தேன். மேல இருந்து எடுத்தாத்தான் எல்லாப் பாத்திரமும் தெரியும்.

– ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாம்.

– விடல. வரல. 'தெற்கத்திச் சாவு மேசை'ன்னு தலைப்பு வச்சேன். மசாலா அடைச்ச அவிச்ச முட்டை எந்த வரிசையில இருக்கணும்னு யோசிச்சுட்டு இருந்தேன். எவனோ வந்து பெட்டியை மூடப் போறோம்னான். ஒரு நிமிஷம், வெளிச்சம் நல்லா இருக்குன்னு சொன்னேன்.

– அக்கா.

– அந்தப் பதிவுக்கும் நெறையப் பேர் வந்தாங்க.

– வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி கமிட்டிக்குப் போன் பண்ணுங்கக்கா. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்.

– நேத்தே பண்ணிட்டேன். போஸ்டருக்குத் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். வேணும்னா பாதிரியார் விழுந்த படத்தை எடுத்துக்கட்டும்.

– அப்போ வலைப்பூவுல இருந்தும் எடுத்துருங்க. உங்களுக்கு ஒரு அழுத்து அழுத்துனா போச்சு.

– கையை மட்டும் வெட்டிடுறேன். உன் பொழப்பு கெட வேணாம். மத்தது இருக்கட்டும்.

– ஏன்க்கா? தினம் தொறந்து பாத்து என்னைத் திட்டவா?

– பாத்திரத்தை எடுத்துட்டுப் போ. கழுவித்தான் வச்சிருக்கேன்.

– எனக்குப் பதில் சொல்லுங்க. ஏன் எடுக்க மாட்டீங்க?

– சாவன்னிக்கு நான் எடுத்தது நானூறு படம், கோரின். ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்துட்டேன், அந்த மனுஷனுக்காக ஒரு ஆள் அழுத படம் உன்னுது ஒண்ணுதான் இருக்கு.