வோர்டன் ரோட்டில் ஒரு கால்வாய்

— நில்லுகா ஜெஸீமா. லேஸ் அவிண்டு போச்சு.

— திரும்பவுமா? கோணேஸ், ஒரு மாசமா உன்ட சப்பாத்துக்கு என்ன பேய் பிடிச்சிரிக்கு?

— வயசு போன சப்பாத்து.

— சப்பாத்துக்கா வயசு போச்சு? கெதியாக் கட்டுகா, குளிருது. அங்க பார், வாத்தெல்லாம் நிண்டு எங்களைப் பாத்துச் சிரிக்குது.

— அது வாத்தில்லை, கனடாக் கூஸ். இந்த நாட்டில இவ்வளவு காலம் இருந்தும்...

— எனக்கு எல்லாம் வாத்துதான். கட்டிற்றியா?

— ஓம் ஓம். இப்ப எங்க நிக்கிறம்?

— எங்க... வோர்டன் ரோட்டு லைட்டுக்குக் கிட்ட.

— அதில்லைகா. இங்கிலாந்தில.

— ஆ... பொறு, போனைப் பாத்துச் செல்றன். பேர்மிங்காமுக்கு இன்னும் ரெண்டு மூணு கிலோமீற்றர்.

— போன கிழமையும் ரெண்டு மூணு எண்டுதானே சொன்னாய்?

— இந்தக் கரண்ட் கம்பிக்குக் கீழால நடந்தா எங்கட காலடியைப் போன் ஒழுங்கா எண்ணாதாம். என்ட மகன் ஸஜீத் சொன்னவன்.

— ஸஜீத் சொன்னவனாக்கும்.

— என்ன சிரிக்கிறாய்?

— ஒண்டுமில்லை. நட.

— சிரி, சிரி. நாங்க இங்க ஸ்காபரோவில, வெக்ஸ்போர்டில காலை வைக்க, போனுக்குள்ள லண்டனில இருந்து பேர்மிங்காம் போற கால்வாய்க் கரையில ஒரு புள்ளி நகருது. என்ட உம்மா இரிந்தா எனக்கு விசர் எண்டிருப்பா.

— உனக்கு விசர்தானே. நீதானே தொடக்கினாய்.

— பின்னை? மாமாங்கம் அண்ணன் மௌத்தாகி ரெண்டு குளிர் போச்சு, நீ கதவைத் திறக்கிறாயில்லை. வாய் திறந்தா, 'இவர் நடக்க ஆசைப்பட்ட பாதை' எண்டு ஒரே பாட்டு. சரி, ரெண்டு பேரும் ப்ளேன் ஏறிப் போய் நடப்பம் எண்டாலும் மாட்டாய்.

— அவர் இல்லாம அங்க போய் நிக்க எனக்குத் தைரியம் இல்லைகா.

— அதுதானே இந்தப் புள்ளி. சத்தம் போடாம நட.

— நீதான் சத்தம் போடுறாய்... படம் ஏதும் காட்டுதா?

— ம்... காட்டுது. ஒரு கல்லுப் பாலம். அதுக்குக் கீழால ஒடுங்கின பாதை.

— அந்தப் பாதையாலதான் முந்தி குதிரை நடந்து போட்டை இழுத்துக்கொண்டு போறது. பாலத்து மூலையில பார், கயிறு உரஞ்சி உரஞ்சிக் கல்லில கோடு விழுந்திருக்கும்.

— இதில தெரியல்ல.

— லண்டனில, சவுத்ஹோலில எங்கட அறைக்குப் பின்னால இருந்த பாலத்தில வடிவாத் தெரியும். கலியாணம் முடிச்ச புதுசு. ஞாயிற்றுக்கிழமை வந்தா எங்களுக்கு அந்தக் கால்வாய்க்கரைதான் பார்க், படம், ஊர்வலம் எல்லாம். பாலத்தடிக்கு வந்தா ஒவ்வொரு முறையும் நிண்டு, அந்தக் கோட்டுக்குள்ள விரலை வைப்பார். 'பார் கோணேஸ், கயிறு கல்லை அறுத்திருக்கு' எண்டு.

— என்னமோ தான்தான் கயித்தைப் பிடிச்ச மாதிரி.

— அதே முகம்தான்! லொக் கேற்றை, அதுதான் போட்டை மேல ஏத்தி இறக்கிற தண்ணிக் கதவை, கண்டால் இன்னும் மோசம். போட் வந்து உள்ளுக்க நிக்கும். கதவைப் பூட்டித் தண்ணியை விடுவினம். அது மெல்ல மெல்ல ஏறும். இவர் கதவோட பூட்டின பெரிய மரக்கட்டையில முதுகைக் குடுத்துக்கொண்டு நிப்பார், கதவு திறக்க உதவி செய்யப் போறாராம்.

— திறந்தவரா?

— முதல் நாள் மூச்சுப் பிடிச்சுத் தள்ளு தள்ளெண்டு தள்ளினார். அசையல்ல. போட்டில இருந்த வெள்ளைக்காரி சிரிச்சாள். ரெண்டு பக்கமும் தண்ணி சமனா வராமல் ஆனை வந்தாலும் திறக்காதாம். சமனா வந்த பிறகு சும்மா சாய்ஞ்சார், திறந்திட்டுது.

— அண்ணன் அதை ஊர் முழுக்கச் சொல்லியிரிப்பாரே.

— ரெண்டு பேரும் வேலை செய்த பேக்கரியில உனக்குச் சொல்லல்லையா? எல்லாருக்கும் சொன்னவர்.

— சொன்னவர், சொன்னவர். மா குழைச்சுக்கொண்டு நிக்கேக்க, கையால காட்டிக் காட்டி. என்ட மூக்கில மா.

— திரும்பி வரேக்க ஒரே கதைதான். 'இப்பிடியே நேர நடந்தா பேர்மிங்காம், கோணேஸ். ஒரு நாளைக்குக் கடைசி மட்டும் போவம்' எண்டு. நான் சொல்லுவன், கால் நோகுது, திரும்புவம்.

— அப்பவும் லேஸ் அவிண்டிரிக்கும்.

— அப்ப செருப்புகா... எப்ப பாத்தாலும் நான்தான் திரும்புவம் எண்டது.

— சரி, விடு. நட.

— சாமான் கட்டி முடிஞ்சுதா?

— குசினி மட்டும் மிச்சம். சனிக்கிழமை விடிய லொறி வருது. எட்மன்டன் குளிர் இதைவிடப் பொல்லாததாம்.

— போகாதை.

— கோணேஸ்...

— சும்மா சொன்னன். மகன் கூப்பிட்டாப் போகத்தானே வேணும்.

— அங்க ஆரோட நடக்கிற எண்டு தெரியா.

— நான் இங்க ஆரோட நடக்கிற?

— கையைத் தாகா.

— சரி சரி, லைட் மாறிற்று. வா, கடப்பம்.

— கெதியா வாகா. இண்டைக்கு ஆமையை விட மோசமா நடக்கிறாய்.

— கடைசி நாள்தானே. ஓடிப் போய் என்ன செய்ய? ம்... சொல்ல மறந்திட்டன். தேனுகா உன்ட போனில இருக்கிற புள்ளியை என்ட போனுக்கு மாத்தித் தாறாளாம்.

— ஆ? எப்ப?

— இண்டைக்கு வேலையால வந்து. உனக்கு எடுப்பாளாம், ஏதோ பாஸ்வேர்ட் வேணுமாம். 'அன்ரி போனாலும் நீங்க நடக்கலாம் அம்மா' எண்டாள்.

— அது... அவசரமில்லையே.

— நானும் வேணாமெண்டுதான் சொன்னன். உவள் ஒண்டு நினைச்சா விடமாட்டாள்.

— ஏன் நீ வேணாமெண்டாய்?

— சும்மா. உன்ட போனிலயே இருக்கட்டும்.

— இந்தப் பெஞ்சில கொஞ்சம் இருப்பம்.

— ஈரம்.

— ஈரமெண்டாலும் இரு. தேனுகா பாக்க முந்தி நான் ஒண்டு செல்ல வேணும்.

— இந்தா, இருந்திட்டன். சொல்லு.

— பேர்மிங்காமுக்கு ரெண்டு மூணு கிலோமீற்றர் இல்லை.

— பின்னை எவ்வளவு?

— ஒண்டுமில்லை. நாங்க போய்ச் சேந்தாச்சு. இந்த மரமெல்லாம் பச்சையா நிக்கேக்கயே. கடைசி வளைவு வந்திற்று எண்டு நான் சொன்ன நாள் நினைவிரிக்கா? அண்டைக்கு நீ என்ன சொன்னாய்?

— நீயே சொல்லு.

— 'அந்த வளைவுக்கு அங்கால இவர் ஒரு பெஞ்சில இருப்பார் போல கிடக்கு' எண்டாய். முகம் அப்பிடியே கலியாணப் பொம்பிளை மாதிரி. கொஞ்ச நேரத்தில புள்ளி போய் முட்டிற்று. போனில பட்டாசு வெடிக்குது, ஆரோ கை தட்டுறாங்க. நான் இருமி இருமி அதை அமத்துறன். அங்க ஒருத்தரும் இல்லைகா. பெஞ்சும் இல்லை. ஒரு கோப்பிக்கடை, நாலு சைக்கிள். அதை எப்பிடி உனக்குக் காட்டுற?

— அப்ப அதுக்குப் பிறகு நாங்க நடந்ததெல்லாம்?

— வெறும் ஸ்காபரோ.

— இவ்வளவு நாளும்?

— இவ்வளவு நாளும்.

— இப்ப சொன்ன கல்லுப் பாலம்?

— அது எப்பவோ தாண்டிப் போனது. பழைய படம். கோவமா? ஏதாவது செல்லு, கோணேஸ். நான் பொய்க்காரிதான். ஆனா கடைசி மட்டும் நடந்து போய், நீ வெறுங்கையோட வீட்ட திரும்புறதைப் பாக்க என்னால ஏலாமப் போச்சு. நல்லகாலம், அந்த நேரம் பாத்து நீ லேஸ் கட்டக் குனிஞ்சாய். கன நேரம் குனிஞ்சபடியே நிண்டாய். போன் போட்ட சத்தம் உனக்குக் கேக்கல்ல.

— ஜெஸீமா.

— ம்?

— அண்டைக்கு என்ட லேஸ் அவிழல்ல.