போட்டிக் கம்பெனிக்கு நான் ஏன் மாறல

இல்லம்மா, விலை கம்மியா இருந்தா எல்லாரும் உங்க கம்பெனி சாப்ட்வேர விட்டுட்டு ஓடிப்போயிடுவாங்கன்னு ரிப்போர்ட்ல எழுதாதீங்க. தப்பாப் போயிடும். மொதல்ல உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அது கண்ணு டெஸ்ட் பண்றது, சாஞ்சா அப்படியே பின்னால போயிடும். இந்தப் பக்கம் வாங்க.

என்ன கேட்டீங்க, பெரிய கம்பெனிக்காரன் வந்தானாவா? வராம இருப்பானா? டை கட்டிக்கிட்டு மாசம் தவறாம வந்துடுறான். அவன் சாப்ட்வேர ஒரு வருஷம் சும்மாவே தர்றேங்குறான். சும்மா குடுக்குறவன் அடுத்த வருஷம் எங்க கை வைப்பான்னு எனக்குத் தெரியாதா? பிரேம் இலவசம்னு போர்டு போட்டுட்டு லென்ஸ்ல புடிக்கிறவன்மா நான்.

இன்னொரு கம்பெனிக்காரனும் வருவான். ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து மாட்டிக்கிட்டானுங்க. மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கல. சும்மா இருக்க முடியாம சுவத்துல இருக்குற எழுத்தப் படிச்சுக்கிட்டிருந்தானுங்க. பாத்தா ரெண்டு பேருக்கும் கண்ணு சரியில்ல. ஆளுக்கொரு கண்ணாடி வித்து அனுப்பிட்டேன். அவனுங்களால எனக்கு ஒண்ணும் விக்க முடியல.

சாப்ட்வேர் எப்படின்னா... என்னத்தச் சொல்ல? யார் வந்தாங்க, என்ன பவரு, மறுபடி எப்பக் கூப்பிடணும். மூணு கம்பெனி சாப்ட்வேரும் இதத்தான் செய்யுது. பட்டன் வேற கலர்ல இருக்கும், அவ்வளவுதான். உங்க முதலாளிங்க பணத்தப் போட்டுட்டுப் பயப்படுறது நியாயந்தான். பெரியவன் சின்னவன முழுங்கிடுவான்னு யாருக்கும் தோணும்ல.

என்னது? உதவின்னு கூப்பிட்டா போன்ல பேசுற ஆளுங்கள எடுத்துட்டு மெஷினையா பேச வைக்கப் போறீங்க?

முடிவாயிடுச்சா? இன்னும் இல்லையா? சரி, சரி. இல்லம்மா, புரியுது. செலவு குறையும், போட்டியில நின்னு புடிக்கலாம். ஆனா என்னக் கேட்டா, அத மட்டும் பண்ணாதீங்கம்மா. கெஞ்சிக் கேக்குறேன்னே வச்சுக்கோங்க.

உங்க கையில இருக்குற பேப்பர்ல என்ன போட்டிருக்கு, நான் உங்க ஆபீசுக்கு ரொம்ப அடிக்கடி கூப்பிடுறேன்னா? அதான் நேர்ல வந்தீங்களா? சாப்ட்வேர் கஷ்டமா இருக்கோன்னு நெனச்சீங்களாக்கும். அதெல்லாம் இல்ல. பாஸ்வேர்டு மறந்துபோச்சும்பேன். மறக்கல. வேணும்னே தப்புத் தப்பா அடிப்பேன். பூட்டிக்கும். பூட்டிக்கிட்டா அங்கேருந்து ஒரு ஆளு பேசித்தான் தொறந்து விடணும்.

சிரிக்காதீங்க. புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஆள ஒதுக்கியிருக்காங்கல்ல? இந்தக் கடைக்கு ஒரு பையன். அவ்வளவு பொறுமை. நான் வேணும்னே தடுமாறுவேன், அந்தப் பட்டன் எங்கேம்பேன், திரும்பச் சொல்லும்பேன். ஒரு தடவ சலிச்சுக்கிட்டதில்ல. குரல்தான் கொஞ்சம் கட்டுனாப்ல இருக்கும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், ஐஸ் தண்ணி ஒத்துக்காது அவனுக்கு.

ஆமாம்மா. என் புள்ளதான்.

நானும் அவங்கம்மாவும் பிரிஞ்சப்போ அவ கூடப் போயிட்டான். அவனச் சொல்லிக் குத்தமில்ல. அப்புறம் என் போனையே எடுக்குறதில்ல. வேற நம்பர்லேருந்து கூப்பிட்டா, என் குரல் கேட்டதும் வச்சுடுவான். அவன் மாமாதான் ஒரு நாள் வாய் விட்டாரு, இந்தக் கம்பெனியில இருக்கான்னு. அந்த வாரமே சாப்ட்வேர் வாங்கிட்டேன். இந்தப் பையன்தான் எனக்கு வேணும்னு அடம்புடிச்சேன். அப்பன் கூப்பிட்டா எடுக்காம இருக்கலாம். கஸ்டமர் கூப்பிட்டா எடுத்துத்தானே ஆகணும்?

அதனால எழுதிக்கோங்க. மெஷின் வந்தா இந்தக் கண்ணாடிக் கடைக்காரன் மறுநாளே போட்டிக் கம்பெனிக்குப் போயிடுவான்னு எழுதுங்க. ஏன்னு கேட்டா, விலைன்னு போட்டுக்கோங்க. அவன் பேர மட்டும் இழுக்காதீங்க, வேலைக்கு ஏதாவது ஆயிடும்.

பேசுவானாவா? பேசுவானே. குட் மார்னிங் சார், சொல்லுங்க சார். பெத்தவன் நான், எனக்கு சாரு. பரவால்ல, அதுக்கும் பழகிட்டேன். தொறந்து விட்டதும், வேற ஏதாவது உதவி வேணுமா சார்னு கேப்பான். எல்லார்கிட்டயும் கேட்டே ஆகணும்னு ரூலாம். தெரியும் எனக்கு. தெரிஞ்சும் அதக் கேக்குறதுக்காகவே லைன்ல இருப்பேன். ஒண்ணும் வேணாம் தம்பின்னு சொல்லிட்டு வச்சுடுவேன்.

போன வாரம் முடியலம்மா. அவன் அப்படிக் கேட்டதும், சாப்ட்டியாடான்னு கேட்டுட்டேன்.

வச்சுட்டான்னு நெனச்சேன். வைக்கல, மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னான், இந்தக் கால் ரெக்கார்டு ஆகுது சார்னு.