மாரெக் சாரின் கையெழுத்து

ஹலோ... ஹலோ, ஆர்லின்? கேக்குதா? ... ஆமா ஆமா, நோராதான். உன் அக்காதான். வேற யாரு தாய்லாந்துலேர்ந்து உன்னக் கூப்பிடப் போறா? ஒன்பது தடவ அடிச்சிட்டேன்டி. ஃபோன எங்க போட்டுட்டுப் போன? ... மீன் கழுவிட்டிருந்தியா. நல்லாக் கழுவு. இங்க என் பொழப்பு நாறுது.

கேளு. மொதல்ல நான் சொல்றதக் கேளு. எங்க ஸ்கூல் பேஜ்ல நீ ஒரு கமெண்ட் போட்டியே, அத எடு. இப்பவே. ... எந்தக் கமெண்டா? நேத்து சாயங்காலம் போட்டது. 'இது என் அக்கா நோராவின் வகுப்பு. என் அக்கா எங்கே?'ன்னு கேட்டு, போதாக்குறைக்கு என் ஆசிரியர் லைசென்ஸையும் ஃபோட்டோ எடுத்து ஒட்டி வச்சிருக்கியே, அதுதான். ... தெரியும். கோவத்துல போட்ட. ... ம்... ம்... யாரு, டெல்மா அத்தை பேத்தியா? அது என்ன சொல்லுச்சு?

... கிளாஸ்ல வச்சா? எல்லார் முன்னாடியுமா? ... 'உங்கம்மா டீச்சர் கீச்சர் எல்லாம் இல்ல, தாய்லாந்துல யார் வீட்லயோ பாத்திரம் தேய்க்கறா'ன்னா? ... ம். என் புள்ள ஷெக்கினா என்ன பண்ணா? ... அழுதாளா. ... கடிச்சிட்டாளா! எங்க? ... கையிலயா. நல்லா வேணும். ... இல்ல இல்ல இல்ல, நான் இப்படிச் சொன்னேன்னு அவகிட்டப் போய் உளறி வைக்காத. கடிக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னான்னு சொல்லு.

பாத்திரம் தேய்க்கறது ஒண்ணும் கேவலம் இல்லடி. நம்ம தெருவுல பாதி வீடு அதுலதான் எழும்பியிருக்கு. டெல்மா அத்தை வீட்டு மாடி எதுல வந்துச்சு? அவ மக ஹாங்காங்ல தேச்சதுல வந்தது. அதுக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? ஆனா நான் பண்ற வேலையப் பண்ணலன்னு சொன்னா...

... ஆமா, நாளைக்குத்தான். 'என் அம்மா அப்பாவின் வேலை'ன்னு ஃபோட்டோவோட போய்ப் பேசணும். தெரியும். ரெண்டு வாரமா ஃபோட்டோ கேட்டுக்கிட்டே இருக்கா. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். ... சரி, அதனால நீ ஸ்கூல் பேஜைத் தோண்டின. தோண்டினா என் கிளாஸ்ல ஒரு வெள்ளக்காரன் நிக்கிறான். ... ஆமாடி, கீழ 'எங்கள் ஆங்கில ஆசிரியர்'னு போட்டிருக்கு. எனக்கும் படிக்கத் தெரியும். அந்த வரிய இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்ததே நான்தான்.

... என்ன?

... திருப்பிச் சொல்லு.

... 'அக்கா, உண்மையச் சொல்லு, நீ அங்க டீச்சராத்தான் இருக்கியா'வா? ஆர்லின், இந்தக் கேள்விய டெல்மா அத்தை கேக்கட்டும். ஊரே கேக்கட்டும். நீ கேக்கலாமா? உன் காலேஜுக்கு நான் எதுல கட்டினேன்? ... இல்ல, நான் கத்தல. ... கத்தலன்றேன்ல. ஸ்கூலுக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டி பக்கத்துல நின்னு பேசறேன். கத்தினா எல்லாருக்கும் கேக்கும்.

அந்த ஃபோட்டோவ எடு. எடுத்தியா? பெருசாக்கு. அவர விடு, புள்ளைங்க முகத்தப் பாரு. எங்க பாக்குறாங்க? கேமராவயா? அவரயா? ... இல்லல்ல? எல்லாம் ஒரு பக்கமா, எடது பக்கமாப் பாத்து ஈன்னு இளிக்குதுங்கல்ல? அந்தப் பக்கம் வாசல். வாசல்ல யாரு நின்னான்னு நெனக்கற? நான். புள்ளைங்க சிரிக்க மாட்டேங்குதுன்னு ஃபோட்டோக்காரன் சொன்னான். தொடப்பத்த தலைகீழாப் புடிச்சிக்கிட்டு ஆடினேன். நாப்பது வயசுல. ... சிரிக்காத. ... சரி, சிரி.

இப்ப போர்டப் பாரு. ... ம். ... ஆமா. ... ஆமா, ஆமா. நம்ம வீட்டு சர்க்கர டப்பாவுல நான் எழுதி ஒட்டியிருக்கறதும் இதே எழுத்துதான். இன்னுமா அந்த டப்பா இருக்கு? ... அடியே. அழாத. இதுக்குப் போய் ஏன் அழற? நீ அழுதா நானும் அழுவேன், அப்புறம் மூஞ்சி வீங்கிக் கிளாஸுக்குப் போகணும்.

... அவரு பேரு மாரெக். ... இங்கிலாந்தா? வெள்ளையா இருந்தா இங்கிலாந்தா? அவரு செக் நாட்டுக்காரரு. கடல்ல முங்கி மீன் பாக்க வந்தவரு, கையில காசு தீந்துபோச்சு, டீச்சர் ஆயிட்டாரு. வாரத்துல ஒரு நாள் கிட்டாரத் தூக்கிட்டு வந்து பாடிட்டுப் போவாரு. மத்த நாள் பூரா நான். ... கெட்டவரில்ல, பாவம். நான் சொல்லித் தரத எழுதி வச்சிக்கிட்டுத்தான் அவரே பேசறாரு. என்னப் பாத்தா தலையக் குனிஞ்சுக்குவாரு. ... சம்பளமா? அதக் கேக்காத. உன் கையில கத்தி இருக்கு.

... ஆமா, பெத்தவங்களுக்கு வெள்ள மூஞ்சிதான் வேணும். ஃபீஸ் கட்டறதே அதுக்குத்தான். வாசல் போர்டுல அப்படிச் சொல்லித்தான் புள்ளைங்களச் சேக்கறாங்க. ... என்னப் பத்தியா? அவங்ககிட்ட என்னச் சொல்லி வச்சிருக்கறது...

... சொல்றேன். இரு. ஆயான்னு.

... ஆமா, ஆயா. பால் குடுக்க, மூக்கு தொடைக்க, ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போக. அதுவும் நான்தானே பண்றேன், அதனால முழுப் பொய்யும் இல்ல. ... அஞ்சு வருஷமா. ... உங்ககிட்டச் சொல்லி? சொல்லி என்ன ஆவப் போகுது? அப்பா டயாலிசிஸ் கட்டில்ல படுத்துக்கிட்டு நர்ஸ்கிட்ட எல்லாம் 'என் பொண்ணு வெளிநாட்டுல டீச்சர்'னு சொல்லிக்கிட்டிருக்காரு. அந்த மனுஷன்கிட்டப் போயா?

... வந்துடுன்னா? வந்து? அங்கயும் எட்டு வருஷம் டீச்சராத்தானே இருந்தேன். அந்தச் சம்பளத்துல வாரம் ரெண்டு தடவ அப்பாவுக்கு ஊசி குத்த முடியுமா? சொல்லு. ... சொல்லுடி. ... ம். அதான்.

காலையில பிரின்ஸிபால் சுமாலி மேடம் கூப்பிட்டாங்க. கத்தியிருந்தாக் கூடத் தேவல. உக்கார வச்சு டீ குடுத்தாங்க. சிரிச்சுக்கிட்டே, 'நோரா, மத்தியான மணி அடிக்கறதுக்குள்ள அது சரியாயிடணும்'னாங்க. ... மெரட்டல் எல்லாம் இல்ல. மேசை மேல என் விசாத் தாளு இருந்துச்சு. அவ்வளவுதான். எனக்குப் போதாதா?

எடுத்துட்டியா? ... இரு, பாக்குறேன்... ம். போயிடுச்சு. ... இல்ல, வைக்காத. இன்னும் முடியல. நீ போட்டதப் பாத்துட்டு ஒரு பையனோட அம்மா கீழ கேட்டிருக்காங்க. 'என் பையன் டீச்சர் நோரான்னுதானே சொல்றான், அப்போ இவர் யாரு'ன்னு. ... ஆமா, நல்ல பொம்பளதான். அந்த நல்ல பொம்பளையாலதான் இப்ப நீ இன்னொண்ணு போடணும். நான் சொல்றேன், அப்படியே இங்கிலீஷ்ல அடி.

'மன்னிக்கவும்.' போட்டியா? 'நான் தவறாகச் சொல்லிவிட்டேன். என் அக்கா அங்கே ஆசிரியர் இல்லை.' ... போடு. ... போடுன்றேன்ல. 'ஆயாவாக இருக்கிறாள்.'

... டெல்மா அத்தை படிப்பான்னு எனக்குத் தெரியாதா? மொத லைக்கே அவளோடதாத்தான் இருக்கும். தெருப் பூரா காட்டுவா. காட்டட்டும். ... அப்பாகிட்ட ஃபோன் இல்லல்ல? அது போதும். யாராவது வந்து சொன்னா, வேற நோரான்னு சொல்லிடு.

ஏன்டி, அப்பா எனக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சு வச்சாரே, லைசென்ஸ் பரீட்சை பாஸானப்ப... கேட் அகலத்துக்கு, கோட்டு போட்ட ஃபோட்டோவோட. அது எங்க இப்ப? ... பன்னிக் கொட்டாய்க்கு மேலயா? ... என் மூஞ்சி மேல பாத்தா கீழ பாத்தா? ... ஒழுகாம இருக்கா? சரி. என் லைசென்ஸ் அங்கயாவது உபயோகமா இருக்கட்டும்.

இரு, ஒரு நிமிஷம், லைன்லயே இரு. ... என்ன மாரெக் சார்? ... இல்ல, ஒண்ணுமில்ல. என் தங்கச்சி. ... வேணாம். வேணாம் சார், நீங்க போய் மேடம்கிட்டப் பேசாதீங்க. பேசினா ரெண்டு பேருக்கும் வேல போகும். உங்களுக்கு நாளைக்கே பக்கத்து ஸ்கூல்ல கூப்பிட்டுக் குடுப்பாங்க. எனக்கு? ... நீங்க நல்லவருதான், தெரியும். போய்ச் சாப்பிடுங்க. ... என்ன, போர்டா? ... எத்தன மணிக்கு வராங்க? ... சரி. மணி அடிச்சதும் வந்து எழுதித் தரேன்.

... அவருதான். மத்தியானம் புதுசாச் சேக்கறதுக்குப் பெத்தவங்க வராங்களாம். போர்டு அழகா இருக்கணுமாம். ... திட்டாதடி. அவரத் திட்டி என்ன ஆகப் போகுது?

போட்டுட்டியா? ... இரு. ... ம், வந்துடுச்சு.

... இல்ல, அழல. படிச்சிக்கிட்டிருக்கேன். 'ஆயாவாக'... ம். நல்லா எழுதியிருக்க. தப்பே இல்ல. நான் சொல்லிக் குடுத்த இங்கிலீஷ்ல்ல.

... ஷெக்கினாவா? சாப்பாட்டுக்கு வந்துட்டாளா? ... குடு. இரு இரு, குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. போர்டு விஷயத்த அவகிட்ட மூச்சு விடாத. அவ வாயில எது தங்கும்? நாளைக்குக் கிளாஸ்ல சொல்லுவா, அந்தப் புள்ள வீட்டுக்குப் போய்ச் சொல்லும், டெல்மா அத்தை நேரா அந்த ஃபோட்டோக்குக் கீழ வந்து வம்பு வளப்பா. ... எழுத்தப் பாத்து அவளுக்கு எங்கடி தெரியும்? நான் கெளம்பறப்ப அவளுக்கு ரெண்டு வயசு. அவளுக்கு என் குரல் தெரியும், அவ்வளவுதான். சர்க்கர டப்பாவ அவ கண்ணுல படாம எடுத்து உள்ள வை. ... எனக்கு மட்டும் ஆசையாடி? குடு ஃபோன.

கண்ணு! ... ஆமாடா தங்கம், அம்மாதான். சாப்பிட்டியா? ... இன்னும் மீன் ஆகலயா. சித்தி அம்மாகிட்டப் பேசிக்கிட்டே இருந்துட்டா. ... ம். கேள்விப்பட்டேன். கடிக்கக் கூடாதும்மா. ... அவ என்ன சொன்னாலும் கடிக்கக் கூடாது. ... சரி, பொய் சொன்னாலும்.

... எந்த ஃபோட்டோ? சித்தி ஃபோன்லயா? ... ஆமா, அம்மா ஸ்கூலுதான். ... அவரா? மாரெக் சார். ... ஆமா, ரொம்ப உயரம். கதவுல குனிஞ்சுதான் வருவாரு. ... அம்மா அதுல இல்லடா. அம்மா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ... என்ன பண்ணிக்கிட்டா? புள்ளைங்களச் சிரிக்க வச்சிக்கிட்டு. ... ஆமா, அதுவும் வேலைதான். கஷ்டமான வேல. நாளைக்குக் கிளாஸ்ல அதையே சொல்லு. 'எங்கம்மா சின்னப் புள்ளைங்களச் சிரிக்க வைப்பாங்க'ன்னு சொல்லு. ... அவங்க சிரிச்சா சிரிக்கட்டும். நீயும் சேந்து சிரிச்சிடு.

... எது? போர்டுல இருக்கறதா?

... அழகா இருக்கா? ... நெஜமாவா? உனக்குப் புடிச்சிருக்கா? ... எந்த எழுத்து? ... ஆங், அந்த வாலு. ஆமா, கீழ இறங்கி, சுருட்டி, மேல வரும். அத ஒரே இழுப்புல இழுக்கணும், கைய எடுக்கக் கூடாது...

... யாரு எழுதினதா?

... இல்லடா, லைன்லதான் இருக்கேன். ... மாரெக் சார் எழுதினது.

... அம்மாவுக்கா? இல்லடா. அம்மாவுக்கு அப்படியெல்லாம் வராது.

... உன் பேரயா? ... கேக்கறேன். ... தருவாரு, கேட்டாத் தருவாரு. ... முழுப் பேரா? சரி. ... பெருசா. சிவப்பு மார்க்கர்ல. ... அதே வாலோட, சரி, சொல்றேன். ... சாயங்காலம் அனுப்பறேன். நீ நாளைக்குக் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் காட்டு. ... ஆமா, வெள்ளக்கார சாரு எழுதினதுன்னே சொல்லு.

... மணி அடிக்குதுடா. அம்மா போகணும். போர்டுல எழு... போர்டத் தொடைக்கணும். ... என்ன? கேக்கல, மணி அடிக்குது, சத்தமாச் சொல்லு.

... தாங்ஸா? ... சாருக்கா? ... சொல்லிடறேன். ... மறக்க மாட்டேன்டா. வை.