கூரில்லாத வாள்

— கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடோணுமுங்களா?

— ஆமாங்க தெய்வநாயகியம்மா. வெரல் வேர்வை பட்டாத் துரு ஏறிரும். ஒம்போது வருசமா நானே கையுறையோடதான் எடுக்கறேன்.

— அதப் போட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே, பெனடிக்ட் சார். எனக்குக் கண்ணு வெரல்லதானுங்க.

— சரி, கழட்டிருங்க. அப்புறமா எண்ணெய் போட்டுத் தொடச்சுக்கறேன். இதோ பாருங்க... ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா.

— பாருங்கன்னே சொல்லுங்க சாமி. எங்க குமாரபாளையத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க... அடேயப்பா! எவ்ளோ நீளமுங்க!

— மொதல்லயே சொல்லிர்றேன்மா. இது நெசமான பட்டாளத்து வாள் இல்ல. சேகரிக்கறவங்களுக்குன்னு அதே அளவுல, அதே எடையில செஞ்ச நகல். அணிவகுப்புல ஏந்தறது இந்த மாதிரிதான் இருக்கும்.

— போதுமுங்க. சனிக்கெழம மெட்ராஸ்ல பட்டாள ஆபீசர் பயிற்சி முடிச்சு அணிவகுப்புல நடக்கறப்ப எம்மக சௌந்தர்யா கையில இருக்கப்போறது இதாட்டந்தானுங்களே? நானும் போறேனுங்க... இங்க என்னமோ கொடி மாதிரி ஓடுதுங்களே?

— கொடியும் இலையும் செதுக்கியிருக்கு. இன்னும் மேல வாங்க. பிடிய மூடின தகட்டுல சிங்கம்.

— சிங்கமுங்களா! மூஞ்சி தெரியுதுங்க... பெடரி மசுருகூட இழை இழையா! நாப்பது வருசம் பாவு நூலத் தொட்ட கையிங்க இது. இத்தன நுணுக்கம் தொட்டதில்லீங்க. வெட்டுமுங்களா?

— வெட்டாதும்மா. கூரே வெக்கல. இது மரியாதைக்கு. பெரிய அதிகாரி வந்து நின்னதும், பிடிய ஒதட்டுக்கிட்ட கொண்டாந்து, ஒரே வீச்சுல கீழ எறக்குவாங்க. ஏந்துங்க, நான் கையப் புடிச்சுக்கறேன்.

— ஒதட்டுக்கிட்டயா! முத்தங் குடுக்கறாப்புலயா! ஏனுங்க, எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க.

— எனக்கும்தாம்மா. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சு இத்தன வருசம் பாத்துட்டேன். இன்னிக்குத்தான் இது வாளாத் தெரியுது.

— ஒண்ணு கேக்கோணுமுங்க. அதுக்குத்தான் நாத்தனா கையப் புடிச்சுக்கிட்டு ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கற உங்க ஊடு வரைக்கும் பஸ் ஏறி வந்தேன். ஊட்டுல சொன்னாச் சிரிப்பாங்க.

— கேளுங்கம்மா.

— முந்தாநேத்து போன்ல, "எல்லாரும் துப்பாக்கியோட வரிசையில நடப்பாங்க, நான் மட்டும் வாளோட தனியா நடக்கோணும்மா"ன்னா. அதோட லைன் கட்டாயிருச்சு. அதுலருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. தறிக்காரி மக, கண்ணு தெரியாதவ மகன்னு எம்புள்ளைய ஒதுக்கிட்டாங்களா?

— தனியான்னா... வரிசைக்குப் பின்னாலயா, முன்னாலயா? என்ன சொல்லிச்சு?

— எல்லாருக்கும் முன்னாலன்னுதானுங்க சொன்னா... ஏனுங்க, நாற்காலி தள்ளற சத்தம் கேக்குதுங்களே? தப்பு ஏதாச்சும் பண்ணிப்போட்டாளுங்களா? எந்திரிச்சு நிக்கறாப்புல இருக்குதே?

— நின்னுக்கிட்டுத்தாம்மா சொல்லணும். ஒதுக்கல. அத்தன பேரையும் நடத்தறவங்க நிக்கற எடம் அது. சனிக்கெழம உங்களுக்குக் கண்ணு வேண்டாம்மா. அந்த மைதானமே உங்க மக குரலக் கேட்டுத்தான் நடக்கப்போகுது.