மேல் தட்டுக்கு வாங்கிய மேடை

காவல் நிலையத்தில் நான் கொடுக்கும் இந்த வாக்குமூலத்தின் மேலே என் பெயரும், வயது இருபத்து மூன்று என்பதும், பண்ணைக்குப் பின்னாலுள்ள தொழிலாளர் வரிசை வீட்டு முகவரியும் எழுதப்பட்டிருப்பது சரி. நான் பட்டப்படிப்பு முடித்து, காளான் பண்ணை அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். என் அம்மா அங்கேயே காளான் பறிக்கிறார்.

எங்கள் வளர்ப்பு அறைகளில் காளான் படுக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து தட்டுகளில் இருக்கும். மேல் தட்டுகளை ஏணி போட்டுப் பறித்துவந்தார்கள். அடுக்கில் தொங்கியபடி ஏறி இறங்கும் பறிப்பு மேடை வாங்க முதலாளி முடிவுசெய்து, தன் மைத்துனரான மேற்பார்வையாளரையும் என்னையும் இயந்திரக் கடைக்கு அனுப்பினார். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று இரும்பு, கைப்பிடியைச் சுற்றினால் மெதுவாக ஏறும், கையை எடுத்தால் அங்கேயே பூட்டிக்கொள்ளும். மற்றது அலுமினியம், நைலான் பட்டையில் தொங்குவது, காலால் மிதித்து நிறுத்துவது, வேகமாகப் போகும்.

அதன் பிறகு நான் கடைக்காரரிடம், அறுவடை முடிந்ததும் கிருமி சாவதற்காக அறையை மூடிச் சுடு ஆவி விடுவோம், இந்தப் பட்டை தாங்குமா என்று கேட்டேன். அவர், "அதுக்கு முன்னாடி வெளிய எடுத்துரணும்மா. பட்டை வெந்துச்சுன்னா பிடி விட்டுரும்" என்றார். எங்கள் அறைக் கதவு குறுகல், மேடையைக் கழற்றாமல் வெளியே எடுக்க முடியாது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் கடைக்காரரைப் பார்த்து, "படிச்ச புள்ளைல்ல, வாயைத் திறந்தா கேள்விதான்" என்று சிரித்தார். அலுமினிய மேடைகள் நான்கு வாங்கப்பட்டன.

அதன் பிறகு ஆவி விட்ட நாளில் மேடைகளைக் கழற்றவில்லை. அவை உள்ளே நிற்பதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அடுத்த பறிப்பில், மேடை நிறுத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அளவு இறங்கி நின்றது. பறிக்கும் பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். "ஏறுனதுமே தலையாட்டுறாரு பாரு, இப்படி ஒருத்தர் எங்க கிடைப்பாரு" என்று அம்மாவும் சொன்னார். மறுபடி ஆவி விட்ட பிறகு ஒரு சாண் இறங்கியது. அதற்குமேல் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கையால் அடுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பறித்தார்கள். அப்படிப் பறித்தால் தண்டை நறுக்க முடியாது என்பதால், கம்பியைத் தொடக் கூடாது என்று மேற்பார்வையாளர் உத்தரவிட்டார்.

இன்று காலை மூன்றாம் அறையில், நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் அக்கா மேல் தட்டில் பறித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடினேன். மேடை தரையில் கிடந்தது, அதன் நைலான் பட்டை பிடி விட்டுத் தளர்ந்திருந்தது. அக்காவின் வலது கையில் கத்தி அப்படியே இருந்தது. இடது கை எதையோ பிடித்திருப்பதுபோல் மூடியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

அதன் பிறகு மேற்பார்வையாளர் என்னை அழைத்து, "அவ எட்டிப் பறிச்சா, தடுமாறி விழுந்துட்டா. நீ பார்த்த. அவ்வளவுதான்" என்றார். நான் விழுந்ததைப் பார்க்கவில்லை, பட்டையைத்தான் பார்த்தேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி. உங்கம்மாவுக்கு நல்ல சுறுசுறுப்பான கை. நாளைக்கு ரெண்டாவது அறையில மேல் தட்டு அவங்க பறிக்கட்டும்" என்றார்.

விழுந்த மேடையை மட்டும் அப்புறப்படுத்தினார்கள். மற்ற மூன்றும் அதே ஆவியில் கிடந்தவை. காளான் ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிடும் என்பதால் பறிப்பைத் தள்ளிப்போட மாட்டார்கள். போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர், "நான் ஏறலன்னா வேற ஒருத்திய ஏத்துவான்டி" என்றார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கையொப்பமிடும் முன் ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொண்டேன். நாளை விடிந்ததும் இரண்டாம் அறைக் கதவைத் திறப்பார்கள், அதற்கு முன் யாராவது வர வேண்டும்.

(கையொப்பம்)