பதினேழாம் தட்டு

சிகுசா: அப்பா, மைக்ராஸ்கோப்ல ஒரு கண்ணை மூடாதீங்க. ரெண்டு கண்ணாலயும் பாருங்க.

ஹெய்சுகே: பார்த்துட்டுதான் இருக்கேன்... ஒரே கறுப்பு. நடுவுல மஞ்சப் புள்ளி. இதைப் பார்க்கவா ஹிமேஜியிலேர்ந்து வந்தேன்? அதுவும் ரயில் பன்னிரண்டு விநாடி லேட்.

சிகுசா: ரிட்டயர் ஆனப்புறமும் விநாடி எண்ணணுமா! அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு குப்பைப் பை. செல் தன் குப்பையைத் தானே கட்டி, தானே கரைச்சுத் தின்னணும். மஞ்சள்னா பை கட்டியாச்சு, கரைக்கற இடத்துக்குப் போய்ச் சேரல. சிவப்புன்னா சேர்ந்துடுச்சு.

ஹெய்சுகே: சிவப்பு நல்லதா? முப்பத்தெட்டு வருஷம் ரயில் ஓட்டினவன்கிட்ட சொல்ற பேச்சா இது?

சிகுசா: கடைசி ஸ்டேஷன்னு வச்சுக்குங்க.

ஹெய்சுகே: ம்... யாரோட செல்லு?

சிகுசா: உங்களுக்கு இருக்கற அதே நடுக்க நோய்க்காரங்க இருபத்திரண்டு பேர், தோல் துணுக்கு குடுத்தாங்க. அதுலேர்ந்து வளர்த்த நரம்புச் செல். பேர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். இது நாலாம் தட்டு.

ஹெய்சுகே: நாலு கிடக்கட்டும். பதினேழு இருக்கா?

சிகுசா: ஏன் பதினேழு?

ஹெய்சுகே: சும்மா... நான் கடைசியா ஓட்டின வண்டி நம்பர்.

சிகுசா: அது எழுபதுன்னு சொல்வீங்களே.

ஹெய்சுகே: வயசாச்சு, மறக்காதா? காட்டேன்.

சிகுசா: மேஜையிலேர்ந்து கையை எடுங்கப்பா. படம் ஆடுது.

ஹெய்சுகே: நான் ஆட்டல. அதுவா ஆடுது.

சிகுசா: ...தெரியும்ப்பா.

ஹெய்சுகே: சரி சரி, மாத்து.

சிகுசா: தட்டு பதினேழு! மருந்துக்கு முன்! சரி!

ஹெய்சுகே: அடடா... விரலை நீட்டி, சத்தமா! ரயில்ல சிக்னலைக் கைகாட்டிச் சத்தமா சொல்ற என் பழக்கத்தை இங்க கொண்டு வந்துட்டியா?

சிகுசா: லேப்ல எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா நாலு வருஷமா என் தட்டு ஒண்ணுகூட மாறினதில்ல.

ஹெய்சுகே: ஹூம். சிரிக்கட்டும்... ஐயோ, இது ஒரே மஞ்சள். காலை எட்டு மணி பிளாட்ஃபாரம் மாதிரி.

சிகுசா: இப்ப பாருங்க. தட்டு பதினேழு! மருந்துக்கு அப்புறம் ரெண்டாம் நாள்! சரி!

ஹெய்சுகே: சிவப்பு. எல்லாம் சிவப்பு.

சிகுசா: எல்லாம் இல்ல. நூத்துக்கு அறுபத்தெட்டு. இது தட்டுல நடக்கறது. உடம்புல நடக்கறதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு.

ஹெய்சுகே: இருக்கட்டும்! அறுபத்தெட்டு... நீயே எண்ணினியா?

சிகுசா: இல்ல, என்கூட வேலை செய்யற தொகாஷி. மார்ச்சுலேர்ந்து எதையும் நான் எண்ணறதில்ல.

ஹெய்சுகே: இது உன் ஆராய்ச்சி! ஏன் விட்டுக்குடுத்த? யாராவது ஏதாவது சொன்னாங்களா?

சிகுசா: முப்பத்தாறு டிகிரி வெயில்ல முழுக்கைச் சட்டை எதுக்கு?

ஹெய்சுகே: ஏசி... ஏசி குளிரும்னுதான். பேச்சை மாத்தாத. ஊர்ல எல்லார்கிட்டயும் எம்பொண்ணு எண்ணினதுன்னு சொல்லலாம்னு இருந்தேன்.

சிகுசா: எம்பொண்ணு எண்ணலன்னு சொல்லுங்க. அதுதான் பெருமை.

ஹெய்சுகே: என்ன பெருமை அதுல?

சிகுசா: மார்ச்சுல முதுகுவலிக்கு மருந்துப் பட்டை ஒட்டச் சொன்னீங்க இல்ல? சட்டையைக் கழட்டினப்ப முழங்கைகிட்ட தோல் துணுக்கு எடுத்த புதுத் தையல் தழும்பைப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர்ல ஒருத்தர் நீங்கன்னு தெரிஞ்சப்புறம், என் கண்ணு எல்லாத் தட்டுலயும் சிவப்பைக் கூட்டி எண்ணிடும். அன்னிக்கு சாயங்காலமே மொத்தத்தையும் தொகாஷிகிட்ட குடுத்துட்டேன். எந்த எண்ணுன்னு மட்டும் தெரியாம இருந்துச்சு... அதை இன்னிக்கு நீங்களே சொல்லிட்டீங்க.