வாரிசு விசாரணைக்கு ஒரு சாட்சி

சோளக்காட்டிலிருந்து மலையிறங்கும் பேருந்தில் நல்ல கூட்டம். ஒரு சீட்டில் மட்டும் அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருக்க, நடுவில் இடம் காலியாகக் கிடந்தது. உட்காரலாம் என்று பக்கத்தில் போனேன். தம்பி பேசிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கண்ணா, அப்பா செத்துட்டாருன்னு சாட்சிக் கையெழுத்துப் போட பக்கத்துத் தோட்டத்துக்காரரு மாட்டேங்கறாருங்க.”

“எதுக்காம்? இறப்பு சர்டிபிகேட்தான் இருக்குதே?”

“அது ஆபீசு குடுத்ததாம். வாரிசு விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. கிட்ட, நான் கண்ணுல பாத்ததைத்தான் சொல்லுவேன்னுட்டாருங்க.”

“அப்படி என்னத்தைப் பாத்தாராம்?”

“நேத்துக் காலைல அப்பா நம்ம தோட்டத்துல ஏணி போட்டு மொளகு பறிச்சுட்டு இருந்தாருங்களாம். வாரிசு சர்டிபிகேட் வராம பட்டா நம்ம பேருக்கு மாறாதுங்களேண்ணா.”

அண்ணன் ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்தபடி இருந்தார். பேசியபோது குரலில் கோபம்.

“அந்தாளு புளுகறான். நேத்துக் காலைல பூரா அப்பா எங்கூட ஊட்லதான இருந்தாரு.”

தம்பி தலையாட்டினார்.

“அதையேதானுங்க நானும் வி.ஏ.ஓ. கிட்டச் சொன்னேன்.”

நான் சேந்தமங்கலம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.